கோப்பறைச் சுமை யாருடையது? பினாங்கு மாநில அரசுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலமைச்சர், ஆட்சிக்குழு உறுப்பினர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அரசு ஆவணங்களைப் பொதுமக்கள் விண்ணப்பித்துப் பெற வழிசெய்யும் பினாங்கின் தகவல் சுதந்திரச் சட்டம் 2011 நவம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறி, 2015 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கூட்டரசு அளவில் இத்தகைய சட்டம் இல்லாத காலத்திலேயே சிலாங்கூரும் நாமும் முந்திக்கொண்டோம் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆயினும், பொதுமக்களின் விண்ணப்பங்கள் அலுவலகங்களுக்குப் பெருஞ்சுமை என்றும், கட்டணத்தை உயர்த்தினால் அவை குறையும் என்றும் அதிகாரிகள் சிலர் பேசக் கேட்கும்போது, கோப்பறையில் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என்னால் வாளாவிருக்க முடியவில்லை.

ஒருமுறை கோயில் அறங்காவலர் ஒருவர், தம் கோயில் நிலத்தைப் பற்றிய பழைய கடிதங்களின் நகலைக் கேட்டு விண்ணப்பித்தார். 1966-இல் தேசிய நிலச் சட்டத் தொகுப்பு வரும்வரை பினாங்கில் நில உரிமை ஆங்கிலேய முறைப் பத்திரங்களால் கைமாறி வந்ததை நீங்கள் அறிவீர்கள். அந்தக் காலத்துப் பதிவேடுகள் கையெழுத்தில் உள்ளவை. மனை எண்ணும் கோப்பு எண்ணும் பிற்காலத்தில் மாறிவிட்டதால், பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் தொடர்பு காட்டும் அட்டவணை எங்களிடம் இல்லை. அன்றாட வேலைகளுக்கு இடையே தேடியதில் ஒன்பது நாள் போயிற்று. கிடைத்தவை இரண்டே தாள்கள். அவருக்கு அது காலதாமதம், மேலாளருக்கு அது கூடுதல் வேலை. அந்த ஒன்பது நாளை எந்தப் பணிக்குறிப்பும் பதிவு செய்யவில்லை.

தாள் கிடைத்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. பிறருடைய அடையாள அட்டை எண்ணையும் முகவரியையும் மறைக்க வேண்டும். ஓரத்தில் ‘தெர்ஹாட்’ (மலாயில் ‘வரம்புக்குட்பட்டது’) என்று முத்திரை இருந்துவிட்டால், அரசு இரகசியங்களை வெளியிடுவதைத் தடுக்கும் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் 1972 குறுக்கே வந்து நிற்கும். அதை மீறினால் சிறை என்பதை அறிந்த கடைநிலை ஊழியர் தாமாக எதையும் தர மாட்டார், மேலே அனுப்புவார். மேலே உள்ளவரும் அப்படியே. முப்பது ஆண்டுக்கு முன் யாரோ பழக்கத்தில் குத்திய முத்திரையை மறுபடி எடுத்துப் பார்க்கும் கடமை எவருக்கும் ஒப்படைக்கப்படவில்லை என்பதே இத்தனை அலைச்சலுக்கும் காரணம்.

“இந்த மனையைப் பற்றிய எல்லாக் கோப்புகளும் வேண்டும்” என்று எழுதி வருவோர் எங்களைத் திணறடிப்பது உண்மைதான். ஆனால் எங்களிடம் என்ன இருக்கிறது என்று தெரியாதவர் வேறு எப்படிக் கேட்பார்? கோப்புகளின் தலைப்புப் பட்டியலை வெளியிட்டால் அவர் வேண்டியதை மட்டும் கேட்பார். மன்றக் கூட்டக் குறிப்புகள், மேம்பாட்டு அனுமதிகள் போன்று திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை முன்கூட்டியே வெளியிட்டால் அவற்றுக்கு விண்ணப்பமே வராது. கட்டணத்தை உயர்த்தினாலோ ஏழை அறங்காவலர் மட்டும் விலகிப் போவார். அட்டவணை இல்லாத அலமாரி அப்படியேதான் இருக்கும்.

ஆகவே, அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் ஒவ்வொரு துறையின் தகவல் அதிகாரிக்கும் இப்பணிக்கென்றே ஓர் உதவியாளரையும், 1966-க்கு முந்திய பதிவேடுகளுக்கு அட்டவணை தயாரிக்க ஒரு சிறு குழுவையும் ஒதுக்கும்படி வேண்டுகிறேன். அந்தப் பழைய கையெழுத்தைத் தடையின்றி வாசிக்கத் தெரிந்த எங்கள் தலைமுறை ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுவிட்டது. அழைத்தால், புதிய ஊழியர்களுக்கு அதைக் கற்றுத்தர ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கோப்பறை எழுத்தர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு