அலங்காரம்தானே என்று எழுதிவிட்டீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பிரிட்டன் முடியாட்சியைப் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: "மன்னர் இன்று வெறும் அலங்காரம், அவர் இருப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை." கட்டுரையாளர் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கலாம். நீங்கள் அந்த வரியையே பொறுக்கியெடுத்து, கட்டம் கட்டி, பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். பல வருடமாக உங்கள் இதழை வாங்கிப் படிப்பவள் என்ற உரிமையில் சொல்கிறேன், எனக்கு மனசு ஆறவில்லை.

1975 நவம்பர் 11 அன்று ஆஸ்திரேலியாவில் நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. கீழவையில் பெரும்பான்மை வைத்திருந்த பிரதமர் காஃப் விட்லமை, யாரும் தேர்ந்தெடுக்காத கவர்னர் ஜெனரல் ஜான் கெர், ஆஸ்திரேலியாவுக்கும் அரசியாக இருந்த பிரிட்டனின் எலிசபெத்தின் பிரதிநிதி என்ற அதிகாரத்தைக் கொண்டு ஒரே நாளில் பதவிநீக்கம் செய்தார். அலங்காரம் செய்கிற வேலையா இது?

பிரிட்டனிலேயே, மன்னரின் சொத்தையோ உரிமையையோ தொடுகிற மசோதா என்றால் அவருடைய சம்மதம் வாங்கித்தான் நாடாளுமன்றம் மேலே போக முடியும். ஊரார் சொத்துக்கு வாரிசு வரி உண்டு. எலிசபெத் அரசியிடமிருந்து சார்லஸுக்கு வந்த சொத்துக்குக் கிடையாது. மன்னரோடு அரசாங்கம் நடத்தும் கடிதப் போக்குவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெற முடியாது. 2025-26க்கு மட்டும், அரண்மனைப் பழுதுபார்ப்பையும் சேர்த்து, 13 கோடி பவுண்டுக்கு மேல் அரசு ஒதுக்கியது. 1701ஆம் ஆண்டுச் சட்டப்படி கத்தோலிக்கர் ஒருவர் இன்றும் அந்த அரியணையில் உட்கார முடியாது. 2013இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆண் வாரிசுக்கு முன்னுரிமை போனது, கத்தோலிக்கரை மணந்தவர் பட்டத்துக்கு வரலாம் என்றும் ஆனது. அதோடு நிறுத்திக்கொண்டார்கள். இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்று எப்படி எழுத மனம் வந்தது?

நான் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவள். அம்மா பழம் பறித்தவர். தோட்டத்து ரோட்டில் முதலாளி துரையின் ஜீப் சத்தம் கேட்டால் அம்மா எங்களையும் இழுத்துக்கொண்டு ஓரத்துக் கால்வாயில் இறங்கிவிடுவார். தலையில் போட்டிருக்கும் சாக்குக் கொங்காணியை எடுத்துக் கையில் பிடித்துக்கொள்வார். மழை பெய்தாலும் அப்படித்தான். ஜீப் வளைவு தாண்டிய பிறகுதான் கொங்காணி மறுபடியும் தலைக்கு ஏறும். இது நடந்தது நாடு குடியரசாகிப் பல வருடம் கழித்து.

அந்தத் துரை கெட்டவர் இல்லை. பிரசவ வேதனையில் துடித்த பெண்களைத் தன் ஜீப்பிலேயே மலையிறக்கி சேலம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியவர். நிழல் மரம் கழிக்கும்போது விழுகிற விறகை எடுத்துக்கொள்ளச் சொன்னவர். பிறகு அவர் இறந்துபோனார். பட்டணத்தில் படித்துக்கொண்டிருந்த மகன் வந்தான். தோட்டத்திலேயே தலை நரைத்த மேஸ்திரி, காய்க்கும் பழத்துக்கும் வித்தியாசம் தெரியாத அந்தப் பையன் முன்னால் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். மகன் முதலில் நிறுத்தியது விறகை. அம்மா போய்க் கேட்டதற்கு மேஸ்திரி சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது. "அவங்க அப்பா குடுத்தாரு, இவங்க நிறுத்திட்டாங்க. நாம என்னம்மா கேக்க முடியும்?" அந்த வருடக் குளிரில் எங்கள் வீட்டு அடுப்பு எரியாத ராத்திரிகள் உண்டு.

அதனால்தான், மன்னர் நல்லவர், மரம் நடுகிறார், ஏழைகள் மேல் இரக்கமுள்ளவர் என்று கட்டுரையாளர் அடுக்கியதெல்லாம் எனக்குப் பதிலாகப் படவில்லை. அவர் நல்லவராகவே இருக்கட்டும். அடுத்து வருகிறவர் எப்படிப்பட்டவர் என்று யார் தீர்மானிப்பது? சரியில்லை என்றால் யார் இறக்குவது?

2025 மார்ச்சில் காட்மாண்டுவில் மன்னர் திரும்ப வேண்டும் என்று ஊர்வலம் போனதைக் கட்டுரையாளர் சாட்சிக்கு இழுத்திருக்கிறார். நேபாளத்து மக்களுக்குத் தங்கள் அரசியல்வாதிகள் மேல் இருக்கும் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2005 பிப்ரவரி 1 அன்று அதே மன்னர் ஞானேந்திரா என்ன செய்தார் என்பதை அவர் ஏன் எழுதவில்லை? அரசைக் கலைத்தார், தலைவர்களை வீட்டுக் காவலில் வைத்தார், நாடு முழுக்கத் தொலைபேசியைத் துண்டித்தார். பத்திரிகை அலுவலகங்களில் ராணுவத்தினர் உட்கார்ந்து செய்தியைத் திருத்தினார்கள். பத்திரிகை ஆசிரியர் நீங்கள், அந்த ஒன்றையாவது சேர்த்திருக்க வேண்டாமா? 2008 மே 28இல் அரசியல் நிர்ணய சபை கூடி முடியாட்சியை ஒழித்தது அதையெல்லாம் பட்டு அனுபவித்த பிறகுதான்.

சுவீடனும் நார்வேயும் நன்றாக இருக்கவில்லையா என்று கேட்பார்கள். நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் சுவீடன் 1974இல் எழுதிய அரசியல் சட்டத்தில், பிரதமரை நியமிக்கும் சடங்கைக்கூட மன்னரிடமிருந்து எடுத்து சபாநாயகரிடம் கொடுத்துவிட்டது. அதையும் சேர்த்துச் சொல்லட்டும். மன்னரைப் போக்கினால் மட்டும் ஜனநாயகம் வந்துவிடாது என்பதற்கு ஈரான் இருக்கிறது, அதையும் நான் மறுக்கவில்லை.

உங்கள் இதழ் மேல் எனக்குப் பழைய வருத்தம் ஒன்றும் உண்டு. 2023 மே மாதம் முடிசூட்டு விழாவுக்கு நடுப்பக்கம் முழுவதையும் வண்ணத்தில் கொடுத்தீர்கள். எந்தக் கிரீடத்தில் எந்த வைரம் என்றெல்லாம் இருந்தது. 'என் மன்னர் அல்ல' என்ற அட்டைகளோடு வந்த குடியரசுக்காரர்களை விழா தொடங்கும் முன்பே போலீஸ் கைது செய்ததற்கு அதில் ஒரு வரி இல்லை. அதுவரை எலிசபெத் அரசியையே தலைவியாகக் கொண்டிருந்த கரீபியன் தீவு நாடான பார்படாஸ், 2021 நவம்பர் 30 அன்று குடியரசானது. நம் சேலம் மாநகரின் பாதிகூட இல்லாத மக்கள்தொகை. ஒரு துளி ரத்தம் சிந்தாமல், நாடாளுமன்றத்திலேயே சட்டம் திருத்தி, கவர்னர் ஜெனரலாக இருந்த சாண்ட்ரா மேசனையே முதல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைய இளவரசர் சார்லஸே வந்து உட்கார்ந்து பார்த்தார். அதற்கு நீங்கள் ஒதுக்கிய இடம் ஒரு துணுக்கு.

நான் வேலையில் இருந்தபோது ஒரு பெரிய மனிதரை வரவேற்கப் பள்ளிப் பிள்ளைகளைச் சாலையோரத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். காலை மணி அடித்ததும் நிறுத்தியது, கார் வரும்போது உச்சி வெயில். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். நான் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி ஏற்றிய கார் தாண்டிப் போனது. ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "வழக்கம்தானே டீச்சர்" என்றார்கள். முடியாட்சி அலங்காரம்தான் என்று பிள்ளைகள் படிக்கிற இதழில் எழுதினால் இந்த வழக்கங்கள் எப்படி ஒழியும்?

குடியரசிலும் வாரிசுகள்தானே வருகிறார்கள் என்று கட்டுரை முடிகிறது. வருகிறார்கள், எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காத வாரிசுக்கு எதிராக நான் வாக்களித்திருக்கிறேன், அவர் தோற்றும் இருக்கிறார். என் அம்மாவுக்கு அந்தப் பையனிடம் அப்படி ஒரு வழி இருக்கவில்லை.

1999 பொது வாக்கெடுப்பில் ஆஸ்திரேலியர்கள் ஏறத்தாழ 55 சதவீதம் பேர் குடியரசு வேண்டாம் என்றதையும் கட்டுரையாளர் எடுத்துக்காட்டியிருக்கிறார். காரணத்தை விட்டுவிட்டார். தலைவரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுப்பதா, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா என்பதில் குடியரசுக்காரர்களே இரண்டுபட்டார்கள். மன்னர் மேல் வைத்த பாசம் மட்டுமே அந்த முடிவைத் தரவில்லை.

இனி நான் கேட்க வந்தது. அதே இதழின் மாணவர் பக்கத்தில், 'இந்தியாவில் பிரிட்டிஷ் மன்னரின் ஆட்சி முடிந்த ஆண்டு 1947' என்று விடை கொடுத்திருக்கிறீர்கள். 1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகும் நாம் டொமினியன்தான். சட்டப்படி ஆறாம் ஜார்ஜ்தான் நம் மன்னர். அவருடைய பிரதிநிதியாகக் கடைசியாக இருந்தவர் நம் ராஜாஜி, சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். 1950 ஜனவரி 26 அன்று அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து, ராஜேந்திர பிரசாத் பதவியேற்றபோதுதான் கவர்னர் ஜெனரல் என்ற பதவியும் மன்னரும் சேர்ந்து போனார்கள். குடியரசாகியும் காமன்வெல்த்தில் தொடரலாம் என்று 1949 ஏப்ரல் லண்டன் பிரகடனத்தில் நமக்காகத் திறந்த வழியில்தான் பின்னால் பார்படாஸும் போனது. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு தவறான ஆண்டில் முடித்துவிட்டீர்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற எங்கள் தெருப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அடுத்த இதழில், அதே மாணவர் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம்