சிரித்துவிட்டு மேலே படி

அன்புள்ள சேகர்,

ஐந்து மாதமாக உனக்கு எழுதாததற்கு வேலை காரணமில்லை, வெட்கம். நான் பெட்ரோல் கார் வாங்கிவிட்டேன். சரி, சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

ஆமாம், இரண்டு வருஷமாக மின்சாரக் கார் என்று உன் காதைப் புண்ணாக்கிய அதே நான்தான். என் கணக்கில் இப்போதும் தப்பில்லை. அலுவலகம் போய்வர 34 கிலோமீட்டர். டியாகோ மின்சாரக் காரின் பெரிய பேட்டரி 24 யூனிட் பிடிக்கும், ஏசி போட்டாலும் ஒரு வாரம் ஓடும், பெட்ரோலுக்கு ஐந்து ரூபாய் ஆகும் தூரத்துக்கு மின்சாரம் ஒரு ரூபாய் சொச்சம்தான். பேட்டரிக்கு 8 வருஷ உத்தரவாதம் வேறு. ஆனால் அதை எங்கே செருகுவது? எங்கள் அடுக்ககச் சங்கத்தில் மூன்று முறை மனுக் கொடுத்தேன். என் பார்க்கிங்கில் ஒரு 15 ஆம்பியர் பிளக், அவ்வளவுதான் கேட்டது. "தீப்பிடிச்சா யார் பொறுப்பு?" என்றார் செயலாளர். அவர் வண்டியிலும் 35 லிட்டர் பெட்ரோல் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், என் மனைவி கையைக் கிள்ளினாள்.

அப்புறம் ஊர். தீபாவளி, பொங்கல் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை 600 கிலோமீட்டர். வழியில் மூன்று இடத்தில் மணிக்கணக்காக நிற்கணும், அதுவும் பண்டிகைக் கூட்டத்தில், அம்மாவை வைத்துக்கொண்டு. நாலு நாள் பயணத்துக்காக மீதி 361 நாளும் பெட்ரோல் ஊற்றுகிறேன். முட்டாள்தனம்தான், தெரிந்தே செய்தேன்.

காமெட் என்ற குட்டி மின்சாரக் காரைப் பார்த்த மாமனார், "இதுல கதவு ரெண்டுதானா?" என்றதோடு சரி. உன் மஞ்சள் நானோ ஞாபகம் வந்தது. மலிவான கார் என்று விற்றதே தப்பு என்று ரத்தன் டாடாவே பின்னால் ஒத்துக்கொண்டார். நம் ஆட்களுக்கு விலை குறைவாக இருக்கவேண்டும், ஆனால் குறைவு என்று எதிர்வீட்டுக்காரனுக்குத் தெரியக்கூடாது!

நீ மின்சாரக் கார் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். உனக்குச் சொந்த வீடு, வாசலில் பிளக், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் தாண்டிப் போகாத ஆள். தயங்காமல் வாங்கு. பொங்கலுக்கு வரும்போது இரண்டு நாள் என்னிடம் சாவியைக் கொடு. மணியிடம் மட்டும் இதைச் சொல்லித் தொலைக்காதே.

உன்,
ரவி