ஓடும் பெல்ட்டைக் கழுவச் சொல்லாதீர்கள்

இலங்கை மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகளை நடத்தும் துரைமாருக்கும், தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர்மாருக்கும்,

வணக்கம். ஸ்டோர் என்று நாம் சொல்லும் இந்தத் தொழிற்சாலைகளில், கொழுந்தைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டைப் பழுது பார்க்கும் ஒருவன் எழுதுகிறேன்.

ரோலர் இயந்திரத்தில் அரைபட்ட கொழுந்தின் சாறு பெல்ட்டிலும், அதைச் சுரண்டும் தகட்டிலும், பின்முனை உருளையிலும் பிசுபிசுவென்று படிகிறது. விட்டுவைத்தால் கிருமி பெருகி அடுத்த தேயிலையும் கெடும். கழுவத்தான் வேண்டும், சரி. ஆனால் பல இடங்களில் பெல்ட்டை ஓடவிட்டே கழுவுகிறார்கள். நின்ற இடத்திலேயே நின்று துடைக்கலாம், வேலை சீக்கிரம் முடியும் என்பது கணக்கு.

பெல்ட்டும் உருளையும் சேரும் இடுக்கில் துணி நுனி சிக்கினால் போதும், கையையும் சேர்த்து இழுக்கும். வினாடிக்கு ஒரு மீட்டர் ஓடும் பெல்ட், கையை உதறலாம் என்று நினைக்கும் அரை வினாடிக்குள் அரை மீட்டரை விழுங்கிவிடும். கம்பளி, தாவணி, அவிழ்ந்த தலைமுடி எதுவும் அதற்கு ஒன்றுதான்.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் மட்டும் போதாது. மறுமுனையில் நிற்பவர் தெரியாமல் போட்டுவிடலாம். நம் மலையில் மழைக்குக் கரண்ட் போவது புதிதல்ல. பழைய சாதாரண சுவிட்ச் என்றால், கரண்ட் வந்ததும் பெல்ட் தானாக ஓடும். ஆகவே மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுங்கள்; சாவி கழுவுகிறவரின் மடியில் இருக்கட்டும், ஆபீஸில் வேண்டாம். அப்புறம், பெல்ட் ஓடவில்லை என்று உறுதிசெய்ய ஒரு தடவை ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பார்க்கட்டும். சரிவான பெல்ட்டில் கொழுந்துப் பாரம் இருந்தால் கரண்ட் இல்லாமலும் பின்னோக்கி ஓடக்கூடும்; பாரத்தை இறக்கிவிட்டுத் தொடங்க வேண்டும். சுரண்டும் தகட்டை இறுக்குவதும் நின்ற பெல்ட்டில்தான்.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆபத்தான பாகங்களுக்குக் காப்பு வேண்டும் என்கிறது. கழுவுவதற்காகக் கழற்றிய அந்தக் காப்புக் கம்பிவலை மாதக்கணக்கில் சுவரில் சாய்ந்து கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பூட்டு பெரிய செலவில்லை. உண்மையான தடை நேரம். கழுவும் நேரத்தை வேலை நேரமாக எழுதாதவரை யாரும் பெல்ட்டை நிறுத்த மாட்டார்கள். பேர் கணக்கில், அதாவது நாள் சம்பளத்துக்கான வேலைக் கணக்கில், அதைச் சேருங்கள். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் தொழிற்சங்கத் தலைவர்மாரும் இதற்காக ஒரு வரி எழுத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். இதுவரை யாரும் கேட்டதாக என் காதில் விழவில்லை.

இப்படிக்கு,
ஸ்டோர் மெக்கானிக் ஒருவன்