ஜப்ரிசோ வெறும் நாவலாசிரியர் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பிரெஞ்சுக் குற்றப்புனைவு பற்றிய கட்டுரையில் செபாஸ்தியன் ஜப்ரிசோவை, நாவல்கள் படமாக்கப்பட்ட எழுத்தாளர் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அவர் திரைக்கதையே கதியென்று இருந்த காலத்தை விட்டுவிட்டால் பிற்கால நாவல்களின் கட்டமைப்பு பிடிபடாது.

1931-இல் மார்செய்யில் பிறந்த ழான்-பாப்திஸ்த் ரோஸி, தன் பெயரின் எழுத்துகளையே மாற்றி அடுக்கி இந்தப் புனைபெயரை வைத்துக்கொண்டார். 1962-இல் வந்த முதல் துப்பறியும் நாவல், மார்செய்–பாரிஸ் இரவு ரயிலில் நடந்த கொலை பற்றியது. இயக்குநர் கோஸ்டா-காவ்ரஸின் முதல் படம் அதைத் தழுவியதுதான்.

படமாக்குவதில் சிக்கல் 1963-இல் வந்த 'சின்ட்ரெல்லாவுக்கு ஒரு பொறி'யில். தீ விபத்தில் ஒரு பெண் சாகிறாள், இன்னொருத்தி முகம் கருகி, நினைவும் தப்பிப் பிழைக்கிறாள். தான் பணக்கார மி-யா, தோழி தோ-வா என்று அவளுக்கே தெரியாது. எழுத்தில் 'நான்' என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். திரையில் முகம் காட்டிக்கொடுத்துவிடுமே! அதனால் 1965-இல் அதைப் படமாக்கிய இயக்குநர் ஆந்த்ரே கயாத், இரண்டு பெண்களாகவும் டேனி காரெலையே நடிக்க வைத்தார்.

1970-இல் இயக்குநர் ரெனே கிளெமாந்த்துக்காக நேரடியாகத் திரைக்கதையாகவே எழுதிய 'மழைப் பயணி'யில் ஜப்ரிசோ வேறு வழி பிடித்தார். தன்னைக் கெடுத்தவனைக் கதாநாயகி கொல்வதை ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறார். துருவித் துருவிக் கேட்கும் அமெரிக்கனுக்கு எவ்வளவு தெரியும், அவள் எந்த இடத்தில் வாய் தவறுவாள் என்பதில்தான் பதற்றம் முழுவதும்.

1966-இல் வந்த துப்பறியும் நாவலுக்குப் பின் 1977-இல்தான் அடுத்தது: 'கொலைகாரக் கோடை'. யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதிலேயே பதற்றத்தை வைக்கும் இந்தத் திரைக்கதைப் பாடம் அதில் அப்படியே இருக்கிறது. மெக்கானிக் ஒருவன், அவன் மணக்கும் பெண், அவளுடைய தாய், காது கேளாத முதியவள் என நால்வர் மாறிமாறிச் சொல்கிறார்கள். சாட்சி, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு என்று அத்தியாயத் தலைப்புகள் கேஸ் கட்டு போலவே நகர்கின்றன. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் விபரீதம் விளைகிறது. முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. 1983-இல் ழான் பெக்கர் இயக்கிய படத்துக்கு ஜப்ரிசோவே திரைக்கதை எழுதி, பிரெஞ்சுத் திரையுலகின் செசார் விருதும் பெற்றார்.

அவர் 2003-இல் மறைந்தார். 1991 நாவலான 'நீண்ட நிச்சயதார்த்த ஞாயிறு' 2004-இல்தான் திரைக்கு வந்தது. படத்தில் கதாநாயகி மத்தில்த் காலை விந்தி விந்தி நடக்கிறாள். நாவலில் அவளுக்குச் சக்கர நாற்காலி. முதல் உலகப்போரில் காணாமல்போன காதலனைத் தேடும் அவளுக்குத் துப்புகள் பெரும்பாலும் கடிதங்களாகவே வந்து சேர்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்க்கும் வேலை வாசகருக்கும் உண்டு. படம் மட்டும் பார்த்தவர்கள் அவசியம் நாவலையும் படிக்க வேண்டும்.

– ஒரு வாசகர், திருச்சி