தொப்பி எங்களிடம்தான் இருக்கிறது

அன்புள்ள எல்லோருக்கும்,

என் வீட்டுக்காரர் நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வாசல்படி இரண்டையும் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு தானாகவே ஏறினார். சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்ததும் முதலில் கேட்டது ஒரு டம்ளர் காப்பி. டிகாக்‌ஷன் இறங்கும்வரை அடுப்படியில் நின்று அழுதேன். இத்தனை நாளும் அழக்கூட நேரம் இல்லை.

இங்கே நியூசிலாந்தில், ஆக்லாந்துக்கு எதிரே கடலில் இருக்கும் ரங்கிடோட்டோ எரிமலைத் தீவில் அன்றைக்கு இவர் காலில் அடிபட்டுக் கிடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். போனில் ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி எனக்கே தொண்டை கட்டிவிட்டது. அதை மறுபடி எழுதத் தெம்பில்லை. ஆனால் நன்றியை ஆறப்போடக் கூடாது என்று என் அம்மா சொல்வார். அதனால்தான் இன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன்.

எங்களைத் தாண்டிப் போய்விடாமல் நின்று, பிறகு கரடுமுரடான அந்தக் கல் பாதையில் துறைமுகம்வரை ஓடிப்போய்ச் சொன்ன இரண்டு காலேஜ் பிள்ளைகளுக்கு நன்றி. அவசர உதவி எண்ணான 111-இல் பேசிய பெண்ணுக்கு நன்றி. நான் பாதி தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் உளறியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டு, கடைசிவரை லைனை வைக்காமல் இருந்தார். படகுக்காரர்களுக்கு, ஹெலிகாப்டரில் வந்தவர்களுக்கு, ராத்திரி இரண்டு மணிக்கு எனக்குப் போர்வை கொண்டுவந்து போர்த்திய நர்ஸுக்கு நன்றி. விபத்து என்றால் யார் மேல் தப்பு என்று கேட்காமல் சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொள்ளும் ஏ.சி.சி. என்ற ஏற்பாடு இந்த நாட்டில் 1974-லிருந்து இருக்கிறது. அதன் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோது "உங்களை யார் அங்கே போகச் சொன்னது" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை நான் எனக்குள்ளேயே நூறு தடவை கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால் அது பெரிய ஆறுதலாக இருந்தது.

நம்மவர்களுக்கு என்ன சொல்வேன்? ரசம் சாதம், இட்லி, பருப்புத் துவையல், ஒருநாள் பாகற்காய்ப் பிட்லைகூட வந்தது. எந்த டப்பா யாருடையது என்று தெரியாமல் மேசைமேல் அடுக்கி வைத்திருக்கிறேன். வந்து எடுத்துக்கொள்ளுங்கள். காலியாகத் தரமாட்டேன்.

இனி, இந்தக் கடிதத்தை எழுதவைத்தவரைப் பற்றிச் சொல்கிறேன்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. எழுபது வயது இருக்கும். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். அகல விளிம்பு வைத்த துணித் தொப்பி ஒன்று போட்டிருந்தார், வெயிலில் வெளுத்துப்போன பச்சை நிறம். காலையில் ஆக்லாந்தில் படகு ஏறும் இடத்தில் எங்களுக்கு முன்னால் நின்றவர் அவர்தான். தீவுக்குள் ஓர் எலியோ எறும்போ விதையோகூடப் போய்விடக் கூடாது என்று பைகளைத் திறந்து பார்க்கச் சொல்வார்கள், ஷூவைத் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்வார்கள். எலியும் பூனையும் ஒழிந்த தீவு என்று ரங்கிடோட்டோவையும் அதை ஒட்டிய மோட்டுடாப்புவையும் 2011-இல்தான் அறிவிக்க முடிந்தது. அவ்வளவு பாடுபட்டுக் காத்துவைத்திருக்கிறார்கள். இவருடைய காலுறையில் ஒரு புல்விதை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மா அதைக் காட்டிவிட்டுத் தானே குனிந்து இரண்டு விரலால் கிள்ளி எடுத்தார். முன்பின் தெரியாத மனிதரின் காலைத் தொட்டு ஒரு விதையை எடுக்கிறாரே என்று நினைத்தேன். அப்புறம் படகில் மறந்துவிட்டேன்.

மலை ஏறும்போது இவர் உற்சாகமாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். ஆக்லாந்தைச் சுற்றி ஐம்பதுக்கும் மேல் எரிமலைகள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் இளையது இதுதான், பிறந்து சுமார் 600 வருஷம்தான் ஆகிறது, பக்கத்துத் தீவில் இருந்த, இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் இது வெடித்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள், ஈரச் சாம்பலில் பதிந்த அவர்களுடைய காலடித்தடங்கள்கூடக் கிடைத்திருக்கின்றன என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். டெவன்போர்ட் கரையிலிருந்து வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த மலை. 260 மீட்டர் உயரம்கூட இல்லை. உச்சியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நகரத்தைப் பார்த்தபோது, "இவ்வளவு நாள் ஏன் வரவில்லை நாம்?" என்று என்னைக் கேட்டார்.

இறங்கும்போதுதான் எல்லாம்.

இவர் கிடந்த இடத்தில் மரம் இல்லை. அங்கே போனவர்களுக்குத் தெரியும், பாதையின் இரண்டு பக்கமும் உழுதுபோட்ட வயல் மாதிரி கருங்கல் குவிந்து கிடக்கும். அத்தனையும் குளிர்ந்து உடைந்த எரிமலைக் குழம்பு. மேலே வெயில், கீழே கல்லின் சூடு. நகர்த்தக் கூடாது என்று போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். என் துப்பட்டாவை விரித்துப் பிடித்தேன், காற்று விடவில்லை. இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு "கண்ணு கூசுதும்மா" என்றார். வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்போது எங்கள் மேல் நிழல் விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பச்சைத் தொப்பி. அந்த அம்மா எதுவும் கேட்கவில்லை. சூரியனைப் பார்த்தார், தன் நிழலைப் பார்த்தார், அரையடி இடப்பக்கம் நகர்ந்தார். நிழலின் ஓரம் இவருடைய மூக்கைத் தாண்டி, கண்ணைத் தாண்டி, நெற்றிக்கு வந்தது. அங்கே நின்றுவிட்டார். உச்சிப்பொழுது சாய்ந்து அதிக நேரம் ஆகவில்லை, மனிதருடைய நிழல் ஒன்றரை முழம்தான் இருக்கும். ஒருவர் முகத்தை அது மறைக்க வேண்டுமென்றால் அவரை ஒட்டித்தான் நிற்க வேண்டும். அந்த அம்மாவின் ஷூ நுனி இவருடைய தோளில் இடித்துக்கொண்டிருந்தது. கூர்கூரான கல்லில் ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயுமாக நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தொப்பியைக் கழற்றிக் கையை நீட்டிப் பிடித்தார். அந்தச் சிறிய வட்ட நிழல் இவருடைய அடிபட்ட காலின் மேல் விழுந்தது. தன் தலை வெயிலில் காய்ந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. கை வலித்தால் மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"உட்காருங்கள் அம்மா" என்று சொல்லிப் பார்த்தேன். "உட்கார்ந்தால் நிழல் போய்விடுமே" என்றார். அவர் பேசியது கிட்டத்தட்ட அவ்வளவுதான். நிழல் நகர நகர அவரும் நகர்ந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே. கீழே படகு கிளம்பும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசிப் படகை விட்டால் தீவில் தங்க இடம் இல்லை, கடை இல்லை, குடிதண்ணீர்கூடக் கையோடு கொண்டுவந்ததுதான். வழியில் இறங்கிப் போனவர்கள் நின்று விசாரித்துவிட்டு, நேரமாகிறது என்று அவரிடமும் சொன்னார்கள். தலையை மட்டும் அசைத்தார். ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ஹெலிகாப்டர் நெருங்கியதும் காற்றில் பறந்துவிடுமே என்று தொப்பியை என் கையில் திணித்தார். பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நானும் ஏறிவிட்டேன். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் என்னிடம் "தொப்பியைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் படுங்களேன்" என்றபோதுதான், அது என் தலையில் இருப்பதே எனக்குத் தெரிந்தது. ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை அவரிடம். அன்றைக்கு அவர் படகைப் பிடித்தாரா, எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்றும் தெரியாது. ராத்திரி கண்ணை மூடினால் எனக்கு இதுதான் வருகிறது.

இவர் படுத்துக்கொண்டே எனக்கு ஒன்று சொன்னார். அந்தத் தீவில் மண்ணே கிடையாது, பெய்கிற மழை கல்லிடுக்கில் இறங்கி மறைந்துவிடும், ஓடை ஒன்றுகூட இல்லை. முதலில் வந்து ஒட்டுவது பாசியும், நாம் குழம்பில் போடும் கல்பாசியின் சொந்தக்காரர்களும்தான். இடுக்கில் பொஹுதுகாவா என்ற மரத்தின் விதை ஒன்று விழுந்து எப்படியோ பிழைத்துக்கொள்ளும். அதன் நிழலில் கல் குளிரும், உதிர்ந்த இலை மக்கும், அதற்குப் பிறகுதான் மற்றச் செடிகள் அங்கே தலைகாட்டும். ஒரு மரத்தடியில் ஒரு பசுமைத் திட்டு. திட்டும் திட்டும் கை கோத்துத்தான் இன்றைக்கு உலகத்திலேயே பெரிய பொஹுதுகாவா காடு அங்கே நிற்கிறதாம். போகும்போது இதைச் சொல்லியிருந்தால் சும்மா கேட்டுக்கொண்டு நடந்திருப்பேன். இப்போது கேட்டபோது எனக்கு அந்த அம்மாவின் ஷூ நுனிதான் ஞாபகம் வந்தது.

இன்னொன்றும் இங்கே சொல்லியாக வேண்டும். போன குளிர்காலத்தில் ரயில் நிலைய வாசலில் ஒரு பெண் சுவரில் சாய்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வேகத்தைக் குறைத்தேன், பிறகு போய்விட்டேன். என்னால் என்ன செய்ய முடியும், நான் டாக்டரா என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த அம்மாவும் டாக்டர் இல்லை. அவரிடம் மருந்தோ கட்டுத்துணியோ இருக்கவில்லை. இருந்தது அவருடைய உயரம் மட்டும்தான், அதைக் கொடுத்தார். இனி அப்படி ஒருவரைக் கடந்து போக மாட்டேன் என்று இவருடைய கட்டுப்போட்ட காலைத் தொட்டுச் சொல்லியிருக்கிறேன். எதுவும் செய்யத் தெரியாவிட்டாலும் பக்கத்தில் நிற்பேன்.

அம்மா, இது தமிழில் இருப்பதால் உங்களால் படிக்க முடியாது. என் மகள் இதை இங்கிலீஷில் எழுதி, படகுத்துறையில் கேட்டு, அனுமதி கிடைத்தால் ஒட்டி வைப்பதாகச் சொல்கிறாள். படிக்கிற நம்மவர்களில் யாராவது அவரைத் தெரிந்தவராக இருந்தால், தயவுசெய்து என்னிடம் அவர் பெயரைச் சொல்லாதீர்கள், அவரிடம் போய் எங்களைப் பற்றிச் சொல்லுங்கள். வருவதும் வராததும் அவர் விருப்பம்.

தொப்பியைத் துவைத்து, விளிம்பு மடங்காமல் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து அதன்மேல் காயவைத்தேன். கதவுக்குப் பக்கத்து ஆணியில் இருக்கிறது. இவருக்குக் கட்டு அவிழ்த்து, டாக்டர் சரி என்று சொன்ன அடுத்த சனிக்கிழமை, காலைப் படகுக்கு நாங்கள் இரண்டு பேரும் அந்தத் துறையில் நிற்போம். மலை ஏறப் போவதில்லை. அந்த அம்மா வருகிறாரா என்று பார்ப்போம். வராவிட்டால் அடுத்த சனிக்கிழமையும் போவோம். முறுக்குக்கு மாவு அரைத்து வைத்துவிட்டேன். தொப்பியையும் வெறுமனே திருப்பித் தருவதாக இல்லை.