பெயர்ந்து வந்த கொண்டி

கீழக்கரை

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் மக்காவில் உம்ராவை முடித்துக்கொண்டு ஜித்தாவில் உன்னோடு தங்கப்போகும் நாற்பது நாளும் வீடு பூட்டிக் கிடக்குமே என்று கவலைப்பட்டு, நான்கு கேமராக்களுக்குப் பணம் அனுப்புவதாகச் சொன்னாய். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் முப்பது ஆண்டுகள் இரும்புச் சாமான் கடையில் பூட்டு விற்றவன் என்பதால், அந்தப் பணம் முதலில் எதற்குப் போகவேண்டும் என்பதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

நீ எட்டாம் வகுப்புப் படித்தபோது ஏர்வாடிச் சந்தனக்கூட்டுக்குப் போய்த் திரும்பிய இரவு உனக்கு நினைவிருக்கும். அவசரத்தில் பின்வாசல் வழியாகப் புறப்பட்டிருந்தோம். திரும்பி வந்தபோது, வெளியே நான் மாட்டிவிட்டுப் போன பித்தளைப் பூட்டு பூட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டை மாட்டும் இரும்புக் கொண்டிதான் திருகாணிகளோடு பெயர்ந்து வந்திருந்தது. உம்மாவின் காப்புகள் அன்றுதான் போயின. பூட்டை உடைத்துத் திருட்டு என்று செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொண்டிதான் நினைவுக்கு வரும். நம் கரையில் உப்புக்காற்று பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும் இரும்பைத் தின்றுவிடும். பார்வைக்குப் பளபளவென்று இருக்கும் கதவில், மரத்துக்குள் புதைந்த திருகாணி மாவாகிக் கிடக்கும். கடையில் ஏழு லீவர் பூட்டைக் கேட்டு வாங்கியவர்கள், கொண்டியை மட்டும் இருப்பதிலேயே மலிவானதாகப் பார்த்து எடுத்துப்போனார்கள். நானும் அப்படித்தான் மாட்டியிருந்தேன்.

ஆகவே சென்ற வாரம் ஆசாரியை அழைத்துப் பின்கதவுக்கு உள்ளே குறுக்குச் சட்டம் போட்டுவிட்டேன். இனிப் புறப்படுவது தலைவாசல் வழியாக மட்டுமே. அங்கே கொண்டியையும் அது மாட்டும் நாதாங்கியையும் துருப்பிடிக்காத எஃகில் மாற்றி, கதவை ஊடுருவும் போல்ட்டுகளை வைத்து, நட்டுகளை உள்பக்கம் முடுக்கியிருக்கிறோம். அதிலும் 304 என்ற ரகத்தில் கடலோரத்தில் பழுப்புப் புள்ளி விழும் என்பதால், விலை கூடினாலும் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரக எஃகையே வாங்கினேன்.

நகைகள் லாக்கருக்குப் போய்விட்டன. வங்கியின் கவனக்குறைவால் அங்கே திருடு போனாலும் அதன் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான் என்பது 2022 ஜனவரி முதல் உள்ள விதி. 2,000 ரூபாய் வாடகைக்கு அது 2 லட்சம். உம்மாவின் நகைக்கு அது காணாது, என்றாலும் பீரோவைவிட மேல்.

கேமரா திருடனைக் காட்டும், பிடிக்க ஓடாது. இங்கே நள்ளிரவு 2 மணிக்கு உன் கைப்பேசி ஒலித்தால் உனக்கு 11:30 மணி, விழித்திருப்பாய். ஆனால் யாரைக் கூப்பிடுவாய்? அதற்காகவே எனக்கு அண்ணன்போன்ற எதிர்வீட்டுக் காக்காவிடம் பேசி வைத்திருக்கிறேன். வாசலில் சருகும் நோட்டீசும் சேராமல் அவர் வீட்டுப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள், மாலையில் திண்ணை விளக்கையும் போடுவார்கள். காவல் நிலையத்திலும் பூட்டிய வீடு என்று எழுதிக்கொடுக்கப்போகிறேன். நீ செய்யவேண்டியது, நாங்கள் ஊர் திரும்பும்வரை எங்கள் டிக்கெட்டையோ படங்களையோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதிருப்பது. உன் தங்கைக்கும் இதைச் சொல்லிவிடு. நான் சொன்னால் கேட்கமாட்டாள்.

பூட்டையும் மாற்றிவிட்டதால் உன்னிடமுள்ள பழைய சாவி இனி தலைவாசலுக்குச் சேராது. புதியதை வரும்போது கையில் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
வாப்பா