பிஸ்கட் பேணியைக் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு

அன்புள்ள ஓட்டோ நானாவுக்கும், மருதானைக் கடைத் தம்பிக்கும், இன்னும் சிலருக்கும்,

கடந்த மாதம் வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளைக்கு வீடு மாறிய அன்று, ஓட்டோவின் பின்பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் பேணியை விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். மின்விசிறி, தையல் இயந்திரம், அம்மாவின் சாமிப் படங்கள் எல்லாவற்றையும் எண்ணி இறக்கியவன் அதை மட்டும் மறந்தேன். உள்ளே இருந்தவை கிற்றார் தந்திகளை மீட்டும் சிறு தகடுகள், 163 பிக்குகள். எல்லாவற்றையும் விற்றாலும் ஒரு சுமாரான கிற்றார் வாங்க முடியாது. ஆனாலும் இரண்டு இரவுகள் எனக்குத் தூக்கமில்லை.

மூன்றாம் நாள் மருதானையிலிருந்து தொலைபேசி வந்தது. நானா, பேணியைக் குலுக்கிப் பார்த்துச் சில்லறைக் காசு என்று நினைத்தீர்களாம். திறந்த பிறகு, இவை சட்டைப் பொத்தான்களா, சூதாட்டச் சில்லுகளா என்று உங்கள் வீட்டில் பெரிய விவாதமே நடந்ததாம். அடியில் ஒட்டிக்கிடந்த மஞ்சளேறிய பில்லில் இசைக்கருவிக் கடையின் விலாசத்தைக் கண்டுபிடித்தவர் உங்கள் மனைவி. மறுநாள் கைக்கு வந்த ஒரு ஹயரை விட்டுவிட்டு மருதானைக்குப் போயிருக்கிறீர்கள். பணம் நீட்டியபோது, "இதற்குக் காசு வாங்கினால் வீட்டில் சிரிப்பார்கள்" என்றீர்கள். உங்களுக்கும் வீட்டிலுள்ளவர்களுக்கும் முதல் நன்றி.

கடைத் தம்பி, பேணியைப் பார்த்த உடனேயே அது யாருடையது என்று சொல்லிவிட்டாயாம். "பிக் மட்டும் வாங்குகிற அண்ணன்" என்று என்னை அடையாளம் சொன்னாய் என நானா சொன்னார். அந்தப் பட்டத்தை எனக்குத் தந்தவர் உன் அப்பா. அவருக்கு நேரில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

பிக் என்பது விரல்நுனி அளவான ஒரு முக்கோணத் தகடு. வீணை வாசிப்பவர்கள் விரலில் மாட்டும் கம்பி செய்கிற வேலையைத்தான் கிற்றாரில் இது செய்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் எனக்குப் பதினான்கு வயது. கிற்றார் வாங்க வசதியில்லாத வீடு. ஆனால் கிற்றார்களின் நடுவே நிற்க வேண்டும் என்று ஆசை. நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே! கடையிலேயே விலை குறைந்த சாமான் பிக்தான். ஒன்று வாங்கினால் ஒரு மணிநேரம் நிற்கலாம் என்பது நானே வகுத்துக்கொண்ட சட்டம். எல்லாக் கடைகளிலும் அது செல்லவில்லை. ஒரு கடையில் பில்லைப் போட்டுக்கொண்டே என் செருப்பையும் கதவையும் மாறிமாறிப் பார்த்தார்கள். அங்கே வாங்கிய பிக்கும் பேணியில் இருக்கிறது. இருப்பவற்றிலேயே அவலட்சணமானது அதுதான்.

மருதானையில் சட்டம் வேறு. கோட்டை தாண்டி வரும் ரயிலில் இறங்கி, வியர்வையோடு உள்ளே நுழைந்தால், "வாங்க மல்லி" என்பார் முதலாளி, அதாவது உன் அப்பா. மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. எனக்குத் தெரிந்த சிங்களம் "கீயத" (எவ்வளவு). அவருக்குத் தெரிந்த தமிழ் அதைவிடக் கொஞ்சம் கூட. சுவரிலிருந்து ஒரு கிற்றாரை இறக்கி, சுருதி சேர்த்து, என் கையில் தருவார். பைலாப் பாட்டின் ஆறு தட்டுத் தாளத்துக்கு மெல்லிய பிக், ஒற்றைத் தந்தியில் மெட்டு எடுக்கத் தடித்தது. டன்லப் நிறுவனத்தின் டோர்டெக்ஸ் பிக்குகளை மேசையில் பரப்பி நிறங்களையும் தடிப்பையும் ஒப்பிக்கச் சொல்வார்: சிவப்பு 0.50 மில்லிமீற்றர், செம்மஞ்சள் 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.00. இன்றும் மஞ்சள் குடை ஒன்று வீதியில் போனால் எனக்குள் 0.73 என்று ஒரு குரல் கேட்கிறது.

கொட்டாஞ்சேனைத் தேவாலயப் பாடகர் குழுவில் வாசித்த மாஸ்டர் ஒருவர், அசல் ஆமை ஓடு என்று சொல்லி ஒரு பிக்கை எனக்குப் பரிசளித்திருந்தார். ஒரு காலத்தில் அழுங்காமையின் ஓட்டில்தான் நல்ல பிக்குகளை வெட்டினார்கள். எழுபதுகளில் அந்த ஓட்டின் சர்வதேச வணிகம் தடைப்பட்டது. அந்தத் தன்மையைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவர முயன்று 1981இல் வந்ததுதான் டோர்டெக்ஸ். மாஸ்டரின் பரிசை முதலாளியிடம் பெருமையோடு நீட்டினேன். அதைக் காற்சட்டையில் பரபரவென்று தேய்த்து என் மூக்கருகே பிடித்தார். கற்பூர வாசனை! கோயிலில் நிற்பதுபோல இருந்தது. ஆமையாவது ஓடாவது, ஆமையோட்டு நிறமிட்ட செலுலொயிட் பிளாஸ்டிக். கற்பூரம் சேர்த்துச் செய்யப்படும் பொருள் அது. 1922இல் நியூயோர்க்கில் டி'அன்ட்ரியா என்பவர் அதில் பிக் வெட்டத் தொடங்கியிருந்தார். "விளக்குப் பக்கம் வைக்காதே, பற்றிக்கொள்ளும்" என்று எச்சரித்து முதலாளி அதைத் திருப்பித் தந்தார். மாஸ்டரிடம் கடைசிவரை நான் வாய் திறக்கவில்லை.

ஒரு மாலை, கடையிலிருந்து நாற்பது அடி தள்ளி, சோதனைச் சாவடியில் என்னை நிறுத்தினார்கள். அடையாள அட்டை எடுக்கும் வயது வரவில்லை. சட்டைப் பையில் இருந்தது விளங்காத ஒரு பிளாஸ்டிக் துண்டு, வாயில் இருந்தது விளங்காத சிங்களம். முதலாளி கல்லாவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, கிற்றாரோடு ஓடிவந்தார். அந்தத் துண்டு எதற்கு என்று நடுவீதியில் வாசித்துக் காட்டினார். ரயில் நிலையம் வரை கூடவே நடந்தார். அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசியதே இல்லை.

2022இல் டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றைம்பதைத் தாண்டியபோதும், "பழைய சரக்கு, பழைய விலை" என்று மாணவர்களுக்குத் தந்திகளை விற்றவர் அவர். அது நல்ல வியாபாரமா என்று கேட்டால் இல்லை என்பேன். தம்பி, நீயும் அதைத்தான் செய்கிறாய் என்று கேள்விப்பட்டேன்.

ரொறன்ரோவிலிருந்து ஒவ்வொரு பொதியிலும் ஒரு பிக்கைச் செருகி அனுப்பும் மச்சானுக்கும், சலவை இயந்திரத்திலிருந்து ஏழு பிக்குகளை மீட்ட அம்மாவுக்கும் நன்றி. நூதனசாலைப் பொருட்களைப் பராமரித்த அனுபவமுள்ள தோழிக்கும் நன்றி, திட்டியதற்காக. பழைய செலுலொயிட் காலப்போக்கில் அமில ஆவி விடும், மூடிய பேணியில் அடைத்தால் பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுக்கும் என்று அவர் சொன்னபோதுதான், என் உலோகப் பெருவிரல் பிக் ஏன் துருப்பிடித்தது என்று விளங்கியது. செலுலொயிட் பிக்குகள் 41. இப்போது தனித்தனிக் கடித உறைகளில், காற்றுப்படும் தட்டில் இருக்கின்றன.

பிரித்து அடுக்கும்போது எண்ணினேன். 162 தான் வந்தது. நானா, ஒன்று உங்கள் ஓட்டோவில் எங்கேயோ கிடக்கிறது. பச்சை நிறம், 0.88. அகப்பட்டால் கொண்டுவர வேண்டாம், அது உங்களுக்கு.